எச்.ஐ.வி-யோடு பிறந்த குழந்தைகளுக்கு இப்போ உங்க வயசு... அவங்க ரத்தம் சொல்லும் சேதி என்ன?

உங்களுக்கு என்ன வயசு? 18? 22? 27? எச்.ஐ.வி-யோடு பிறந்து, மருந்தால் உயிர்பிழைத்து வளர்ந்த முதல் பெரிய தலைமுறைக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். உங்க காலேஜில் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம். பைக் டாக்ஸி ஓட்டலாம். இன்ஸ்டாவில் உங்களோடு ரீல்ஸ் ஷேர் பண்ணிக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனா, இவர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கலாம். 'இந்தக் குழந்தைகள் பிழைப்பார்களா?' என்பதுதான் 20 வருஷத்துக்கு முன்னாடி டாக்டர்களின் கேள்வி. இன்றைக்குக் கேள்வியே மாறிவிட்டது. 'பிழைத்துவிட்டார்கள். 40, 50, 60 வயசு வரைக்கும் மற்றவர்களைப்போல ஆரோக்கியமாக வாழ்வார்களா?' என்பதுதான் இப்போதைய கேள்வி. அதற்கான பதிலைத் தேடி, உலகின் பல ஆய்வகங்களில் இவர்களுடைய ரத்தத்தைத் துளித்துளியாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கிடைத்திருக்கும் பதிலில் நல்ல செய்தியும் இருக்கு, எச்சரிக்கையும் இருக்கு. ரெண்டையும் பார்ப்போம்.

பாதிப்பேர் ரெண்டாவது பிறந்தநாளைப் பார்க்கவில்லை!

எச்.ஐ.வி இருக்கும் அம்மாவிடமிருந்து கர்ப்பகாலத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பால் வழியாகவோ குழந்தைக்கு வைரஸ் போகலாம். எந்தச் சிகிச்சையும் இல்லையென்றால், இதற்கான வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம். அம்மாவும் குழந்தையும் சரியாக மருந்து எடுத்தால் 5 சதவிகிதத்துக்கும் கீழே, பல இடங்களில் 2 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த மாற்றத்துக்குத் தொடக்கப்புள்ளி 1994-ல் வந்த ஓர் ஆய்வு முடிவு. ஸிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தை அம்மாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்ததில், தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனா, அந்த மருந்து ஏழை நாடுகளுக்கு வந்துசேரப் பல வருஷங்கள் ஆனது. தென்னாப்பிரிக்காவில், அம்மாவிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வைக்க, மக்கள் அமைப்புகள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 2002-ல்தான் தீர்ப்பு வந்தது.

அதற்குள் பல குழந்தைகள் போய்விட்டார்கள். அவர்களில் உலகம் பெயர் சொல்லி அறிந்த ஒருவன் என்கோசி ஜான்சன். எச்.ஐ.வி-யோடு பிறந்த தென்னாப்பிரிக்கச் சிறுவன். 2000-ம் ஆண்டு டர்பன் நகரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டு மேடையில், 11 வயதில் பேசினான். அடுத்த வருஷமே இறந்துபோனான். வயசு 12.

என்கோசி 12 வயசு வரை இருந்ததே அந்தக் காலத்தில் அபூர்வம். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பாதிப்பேர் ரெண்டு வயசுக்குள் இறந்துவிடுவார்கள் என்பதுதான் அப்போதைய கணக்கு.

இந்தியாவில் அரசு இலவச ஏ.ஆர்.டி மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004, ஏப்ரல் 1-ம் தேதி. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006-ல் வந்தது. இன்றைக்கு 20 வயதைத் தாண்டி நிற்கும் பலர், அந்த மருந்தைக் கையில் பிடித்து வளர்ந்தவர்கள்தான்.

ரிப்போர்ட்டில் இருக்கும் ரெண்டு எண்கள்

எச்.ஐ.வி-யோடு வாழும் ஒருவரின் ஃபைலில் ரெண்டு எண்கள் முக்கியமானவை.

முதலாவது, சி.டி-4. நம்ம உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் வெள்ளை அணுக்கள் இவை. எச்.ஐ.வி குறிவைத்து அழிப்பது இவற்றைத்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பச்சைக் குழந்தைக்கு இயல்பாகவே இந்த எண்ணிக்கை மிக அதிகம். 3,000 இருந்தால்கூட ஆச்சர்யமில்லை. வளர வளரத்தான் பெரியவர்கள் அளவுக்கு இறங்கும். அதனால், பெரியவர்களுக்கு 'நார்மல்' எனத் தோன்றும் எண், ஆறு மாதக் குழந்தைக்கு அபாய மணியாக இருக்கலாம். இதனால்தான் ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எண்ணிக்கையைவிட, மொத்த லிம்போசைட் அணுக்களில் சி.டி-4 எத்தனை சதவிகிதம் எனப் பார்ப்பது வழக்கம்.

ரெண்டாவது எண், வைரல் லோடு. அதாவது, ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. மருந்து ஒழுங்காக வேலை செய்தால், கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இது குறைந்துவிடும். ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வரும் நாள், அந்தக் குடும்பத்துக்குத் தீபாவளி.

நியாயமான சந்தோஷம்தான். ஆனா, கதை அங்கே முடியவில்லை என்பதைத்தான் மற்ற ரத்தப் பரிசோதனைகள் சொல்கின்றன.

வைரஸ் அடங்கியது... உடம்பு அடங்கவில்லை!

கொரோனா காலத்தில் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால், சி.ஆர்.பி, டி-டைமர், ஐ.எல்-6 போன்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். உடம்புக்குள் அழற்சி எந்த அளவில் இருக்கு, ரத்தம் உறையும் போக்கு எப்படி இருக்கு என்பதைக் காட்டும் அடையாளங்கள் அவை. பயோமார்க்கர் என்பது இதைத்தான். உடம்புக்குள் நடப்பதை வெளியிலிருந்து தெரிஞ்சுக்க உதவும், அளந்து பார்க்கக்கூடிய ஓர் அடையாளம்.

இதே பெயர்கள் எச்.ஐ.வி ஆய்வில் கொரோனாவுக்குப் பல வருஷங்கள் முன்பே பேசப்பட்டவை. 'ஸ்மார்ட்' என்ற ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். மருந்தைத் தொடர்ந்து எடுப்பது நல்லதா, சி.டி-4 நன்றாக இருக்கும்போது இடைவெளி விடலாமா என்பதுதான் கேள்வி. 2006-ல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. இடைவெளி விட்டவர்களிடம் இறப்பு அதிகம். அதுவும் எய்ட்ஸோடு சேர்ந்த தொற்றுகளால் மட்டுமல்ல. இதயம், கல்லீரல், சிறுநீரகப் பிரச்னைகளும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. பிறகு அவர்களின் ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது, ஐ.எல்-6, டி-டைமர் ரெண்டும் அதிகமாக இருந்தவர்களுக்கே மரண அபாயம் அதிகம் என்பது தெரிந்தது.

இந்த அழற்சி எங்கிருந்து வருது? முக்கியமான ஒரு பதில், குடல். நம்ம நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டித்தான் இருக்கு. எச்.ஐ.வி உடம்புக்குள் வந்த ஆரம்ப வாரங்களிலேயே அங்கே பெரிய சேதம் செய்துவிடும். காவல் குறைந்த குடல் சுவர் வழியாக, பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். அதைப் பார்த்து நோய் எதிர்ப்புப் படை ஓயாமல் சண்டைக்கு நிற்கும். அமெரிக்க விஞ்ஞானி டேனியல் டூயெக்கின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. இந்தக் கசிவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையை அளக்க உதவும் பயோமார்க்கர்தான் எஸ்.சி.டி-14. மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் உசுப்பப்படும்போது ரத்தத்தில் வெளியிடும் புரதம் அது.

இன்னோர் அடையாளம், சி.டி-4 செல்களுக்கும் சி.டி-8 செல்களுக்கும் இடையிலான விகிதம். சி.டி-8 என்பது தொற்றிய செல்களைக் கொல்லும் படை. ஆரோக்கியமானவர்களிடம் பொதுவாக சி.டி-4 கூடுதலாக இருக்கும். விகிதம் ஒன்றுக்கு மேல் நிற்கும். எச்.ஐ.வி-யில் இது தலைகீழாகிவிடும். மருந்து எடுத்து சி.டி-4 எண்ணிக்கை ஏறிய பிறகும், பலருக்கு இந்த விகிதம் சரியாவதில்லை. உள்ளே படை இன்னும் உஷார் நிலையில் நிற்கிறது என்று அர்த்தம்.

குழந்தைகளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

25 வயசில் தொற்று வந்தவரின் நோய் எதிர்ப்பு மண்டலம், அதற்கு முன் 25 வருஷம் இயல்பாக வளர்ந்து பாடம் படித்த ஒன்று. பிறக்கும்போதே தொற்று இருக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தக் கிருமி எதிரி, எது நண்பன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும் முதல் நாளிலிருந்தே வைரஸ் கூடவே இருக்கு.

இதனால் வரும் பாதிப்புகள் சில கண்ணுக்குத் தெரிகின்றன. ஜிம்பாப்வேயில், பிறவியிலேயே தொற்று வந்து தாமதமாகச் சிகிச்சை தொடங்கிய பதின்பருவத்தினரிடம், சின்னச் சுவாசக் குழாய்கள் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் பிரச்னை கண்டறியப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாலே மூச்சு வாங்கும். ஜிம்பாப்வேயிலும் மலாவியிலும் 347 பேரை வைத்து, வாரம் ஒரு முறை அஸித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். திடீரென நோய் முற்றுவது குறைந்தது. ஆனா, நுரையீரலின் திறன் கூடவில்லை. ஒருமுறை ஏற்பட்ட சேதத்தைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது உதாரணம்.

எச்.ஐ.வி-யோடு வளரும் சில குழந்தைகளின் கழுத்து ரத்தக் குழாய்ச் சுவர் மற்ற குழந்தைகளைவிடத் தடித்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இப்போதைக்கு இதனால் தொந்தரவு இல்லை. 45 வயசில் இதயத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் கவலை. தடுப்பூசியும் அப்படித்தான். போட்ட ஊசியின் பாதுகாப்பு சில குழந்தைகளிடம் சீக்கிரமே கரைந்துவிடுகிறது. அதனால்தான் எச்.ஐ.வி சிகிச்சை தொடங்கி உடம்பு தேறிய பிறகு, தட்டம்மைத் தடுப்பூசியை இன்னொரு டோஸ் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, எல்லாமே கெட்ட செய்தியா? இல்லை. குழந்தைகளிடம் பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கு. அது தைமஸ் சுரப்பி. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பிதான் புதிய டி-செல்களுக்கான பயிற்சிக்கூடம். வயசாக ஆகச் சுருங்கிவிடும். குழந்தைகளிடம் முழு வேகத்தில் வேலை செய்யும். சீக்கிரம் வைரஸைக் கட்டுப்படுத்திவிட்டால், இழந்த படையைப் புதிதாகவே கட்டியெழுப்ப அவர்களால் முடியும்.

டர்பன் குழந்தைகளும் ஆப்பிரிக்கக் குரங்குகளும்

இந்தத் துறையில் ரொம்பவே ஆச்சர்யமான ஒரு கண்டுபிடிப்பு 2016-ல் வந்தது. மருந்தே எடுக்காமல் ஐந்து வயசைத் தாண்டிய, சி.டி-4 இயல்பாகவே இருந்த 170 தென்னாப்பிரிக்கக் குழந்தைகளை, டர்பனைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டின் பிலிப் கோல்டரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். எச்.ஐ.வி-யோடு பிறக்கும் குழந்தைகளில் ஐந்து முதல் பத்து சதவிகிதம் பேர்தான் இப்படி.

இவர்களின் ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வைரஸ் ஏராளமாக இருந்தது. ஆனா, அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துக் கொந்தளிக்கவில்லை. அழற்சி அடையாளங்கள் தாழ்வாகவே இருந்தன.

இதே மாதிரி ஒரு விஷயம் மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளிடம் ஏற்கெனவே தெரிந்ததுதான். எச்.ஐ.வி-யின் உறவுக்கார வைரஸ் அவற்றின் உடம்பில் நிறைய இருக்கும். ஆனாலும் பொதுவாக நோய் வராது. காரணம், அவற்றின் உடம்பு அந்த வைரஸோடு ஓயாத சண்டை போடுவதில்லை.

இதிலிருந்து, 'அப்போ மருந்து வேண்டாமே' என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக்கூடாது. அந்தக் குழந்தைகள் அபூர்வமானவர்கள். யார் அப்படி இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. இதில் பாடம் வேறு. எச்.ஐ.வி-யில் உடம்பைக் கெடுப்பது வைரஸ் மட்டுமல்ல, அதற்கு எதிரான நிற்காத சண்டையும்தான். அதனால், வைரஸ் எண்ணை மட்டும் பார்த்து ஆரோக்கியத்தை முழுசாக அளந்துவிட முடியாது.

எல்லா ஆய்வும் கைகாட்டுவது ஒரே இடத்தை!

அழற்சியைக் குறைக்க என்ன வழி? பெரியவர்களிடம் சில முயற்சிகள் நடக்கின்றன. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுவரையான 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வு, ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்று பெரிய இதயப் பாதிப்புகளை 35 சதவிகிதம் குறைத்ததாக 2023-ல் சொன்னது. ஆனா, அது நடுத்தர வயதினருக்கானது. குழந்தைகளுக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

குழந்தைகளுக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில்களிலேயே வலுவானது, புதுமையானது ஒன்றுமில்லை. 'சீக்கிரம் ஆரம்பியுங்கள்' என்பதுதான்.

தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ, கேப் டவுன் பகுதிகளில் நடந்த 'செர்' ஆய்வில், ஆரோக்கியமாகத் தெரிந்த தொற்றுள்ள குழந்தைகளுக்கு 12 வாரங்களுக்குள் மருந்து தொடங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு, அன்றைய வழக்கப்படி, அறிகுறிகளோ சி.டி-4 சரிவோ தெரிந்த பிறகு கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவு: உடனே மருந்து தொடங்கிய பிரிவில் இறப்பு 76 சதவிகிதம் குறைவு. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், ஒரு வயசுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடி சிகிச்சை என்று விதியை மாற்றியது.

உயிர் பிழைப்பது மட்டுமல்ல. முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கிய குழந்தைகளிடம், செல்களுக்குள் பதுங்கியிருக்கும் வைரஸின் இருப்பு பல வருஷங்கள் கழித்தும் குறைவாகவே இருப்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. சி.டி-4, சி.டி-8 விகிதமும் இவர்களிடம் நன்றாகத் தேறுகிறது.

இவர்களில் சிலருக்கு, வளர்ந்த பிறகு சாதாரண எச்.ஐ.வி ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் 'நெகட்டிவ்' என்றுகூட வரும். இங்கேதான் ஒரு பெரிய எச்சரிக்கை. அது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆன்டிபாடி உருவாகும் அளவுக்கு வைரஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாகாணத்தில் 2010-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினார்கள். 18 மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு மருந்து நின்றுபோனது. அப்புறம் 27 மாதங்கள் வைரஸைக் காணவில்லை. 'குணமாகிவிட்டது' என்று 2013-ல் உலகமே கொண்டாடியது. 2014 ஜூலையில் வைரஸ் திரும்பி வந்தது. மருந்தை நிறுத்தக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

அப்போ நாமும் இந்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கணுமா?

'இம்யூனிட்டி பேக்கேஜ்', 'இன்ஃப்ளமேஷன் புரொஃபைல்' என்றெல்லாம் விளம்பரங்கள் உங்க போனிலும் வந்துகொண்டிருக்கும். எச்.ஐ.வி-யோடு வாழும் ஒரு பிள்ளையின் பெற்றோருக்கு, இந்தக் கட்டுரையைப் படித்ததும் 'ஐ.எல்-6 பார்த்துவிடலாமா?' என்று தோன்றலாம்.

வேண்டாம். எஸ்.சி.டி-14, ஐ.எல்-6 போன்றவை இப்போதைக்கு ஆய்வகக் கருவிகள். நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஒரு தனிக் குழந்தைக்கு 'இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து' என்று சொல்ல, எல்லோரும் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடு இல்லை. சாதாரண ஜலதோஷம் வந்தாலே சி.ஆர்.பி ஏறும். காசநோய், ஊட்டச்சத்துக் குறைவு, உடல்பருமன் என எல்லாமே இந்த எண்களை ஆட்டிவைக்கும். ஆப்பிரிக்காவில் பல குழந்தைகளுக்கு முதல் வயசிலேயே தொற்றிவிடும் சைட்டோமெகலோ வைரஸும் இதே வேலையைச் செய்யும். எண்ணைப் பார்த்துப் பதறி, அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதில் பயனில்லை.

உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 1,206 குழந்தைகளிடம் நடந்த 'ஆரோ' ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. வழக்கமான லேப் பரிசோதனைகளோடு கண்காணிக்கப்பட்ட குழந்தைகளுக்கும், டாக்டரின் நேரடிப் பரிசோதனையை மட்டும் நம்பிய பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று 2013-ல் அது சொன்னது. மருந்து தடையில்லாமல் கிடைப்பதுதான் முக்கியம். இன்றைக்கு வைரல் லோடு பரிசோதனை அவசியமான ஒன்று, அதை விடக்கூடாது. அதற்கு மேலே உள்ளவற்றை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம்.

விஞ்ஞானம் ரெடி... நாம் ரெடியா?

இவ்வளவு தெரிந்த பிறகும் நிஜ நிலவரம் என்ன? ஐ.நா-வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் கணக்குப்படி, 2023-ல் உலகில் 14 லட்சம் குழந்தைகள் எச்.ஐ.வி-யோடு வாழ்ந்தார்கள். பெரியவர்களில் 77 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. குழந்தைகளில் 57 சதவிகிதம் பேருக்குத்தான். எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்களில் குழந்தைகளின் பங்கு சுமார் 3 சதவிகிதம். எய்ட்ஸ் மரணங்களில் அவர்களின் பங்கு 12 சதவிகிதம். அந்த ஒரு வருஷத்தில் 76,000 குழந்தைகள் இறந்தார்கள்.

ஏன் இந்த இடைவெளி? பிறந்த குழந்தைக்குச் சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட் உதவாது. அம்மாவின் ஆன்டிபாடி 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர் வகை டெஸ்ட் வேண்டும். ஆறாவது வாரத்தில், குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தை ஒரு அட்டையில் காயவைத்து லேபுக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வர, அம்மாவைத் தேடிப்பிடிக்க, மருந்து தொடங்க என ஒவ்வொரு படியிலும் நாள்கள் போகும். சிகிச்சை இல்லாத குழந்தைகளின் மரணம் உச்சம் தொடுவதோ ரெண்டு, மூன்று மாத வயசில். லேப் ரிசல்ட்டுக்கும் மரணத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தயம் நடக்கிறது.

மருந்து விஷயத்தில் நல்ல முன்னேற்றம் இருக்கு. முன்பெல்லாம் குழந்தைகளுக்குக் கொடுத்த சில சிரப்களின் கசப்பில் குழந்தைகள் துப்பிவிடுவார்கள். இப்போது தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெர்ரி சுவையுள்ள டோலுடெக்ராவிர் மாத்திரை வந்துவிட்டது. அதைக் குறைந்த விலையில் தயாரிப்பவற்றில் மும்பையைச் சேர்ந்த மேக்ளியாட்ஸ் நிறுவனமும் ஒன்று. பழைய மருந்துகளைவிட இது குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்வதை 707 பேரிடம் நடந்த 'ஒடிஸி' ஆய்வு 2021-ல் உறுதிசெய்தது.

ஆனா, மாத்திரை இருந்தால் போதுமா? கொண்டுசேர்க்கப் பணம் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளின் எச்.ஐ.வி திட்டங்களை 2003-லிருந்து தாங்கிப்பிடித்தது அமெரிக்காவின் 'பெப்ஃபார்' நிதித் திட்டம். 2025 ஜனவரியில் ட்ரம்ப் அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தது. உயிர்காக்கும் சிகிச்சைகளுக்குப் பிறகு விலக்கு கொடுத்தார்கள். ஆனாலும் அதற்குள் பல இடங்களில் கிளினிக்குகள் மூடப்பட்டன, களப்பணியாளர்கள் வேலை இழந்தார்கள். ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று நுணுக்கமாக அளக்கும் காலத்தில், குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுக்க ஆள் இல்லாத நிலை. நாம் கோபப்படவேண்டியது இதற்குத்தான்.

இந்தியாவின் நிலைமை இதில் வித்தியாசமானது. 2021 முதல் 2026 வரையான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய்க்கும் மேல். மருந்து அரசு மையங்களில் இலவசம். இந்தியாவின் எச்.ஐ.வி வரலாறே நம்ம ஊரில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1986-ல், மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதிக்கப்பட்டபோதுதான், நாட்டின் முதல் தொற்றுகள் தெரியவந்தன.

இனி சவால், 18 வயசில்!

பிறந்ததிலிருந்து அம்மாவோ பாட்டியோ எடுத்துக் கொடுத்த மாத்திரையை, இனி தானே நினைவாக எடுக்க வேண்டும். ஹாஸ்டலில், ரூம்மேட் பார்க்காத நேரத்தில் எடுக்க வேண்டும். 'இது என்ன மாத்திரை?' என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். காதல் வந்தால், எப்போது சொல்வது? ஒரு கட்டத்தில் 'போதும்டா சாமி' என்று தோன்றும். பதின்பருவத்தில் மருந்து விட்டுப்போவது உலகம் முழுக்க இருக்கும் பிரச்னை. மருந்து விட்டால் வைரஸ் ஏறும், அழற்சி ஏறும், சிறு வயசிலிருந்து சேர்த்துவைத்த ஆரோக்கியம் கரைய ஆரம்பிக்கும்.

மருந்தை மறைத்து எடுக்கவேண்டிய சூழலை உருவாக்குவது யார்? வைரஸ் இல்லை, நாம்தான். அந்த வகையில், ஒருத்தரின் ரத்தத்தில் ஐ.எல்-6 எவ்வளவு இருக்கும் என்பதில் பக்கத்தில் இருப்பவருக்கும் பங்கு இருக்கு.

அதனால், இந்த விஷயங்களை மனசில் வெச்சுக்கலாமே...

* வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி பரவாது. இதை உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒன்றாகச் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே ரூமில் தங்குவது... இவற்றால் யாரிடமிருந்தும் எப்போதுமே பரவாது.

* 2018 செப்டம்பர் 10-ம் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி - எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, எச்.ஐ.வி-யைக் காரணம் காட்டிப் படிப்பிலோ வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக்கூடாது. ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது. பெற்றோர் இல்லாத வீட்டில், பக்குவம் உள்ள 12 வயசுக்கு மேற்பட்ட அண்ணனோ அக்காவோ தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக இருக்கவும் இதில் வழி உண்டு.

* வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், எச்.ஐ.வி பரிசோதனையை 'நமக்கெல்லாம் எதுக்கு?' என்று தள்ளிப்போட விடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம்.

* நீங்களே எச்.ஐ.வி-யோடு பிறந்தவராக இருந்தால்: மாத்திரையை விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது வைரல் லோடு பாருங்கள். விட்டுப்போன தடுப்பூசிகள் இருக்கா என்று உங்க ஏ.ஆர்.டி மையத்தில் கேளுங்கள். நாள்பட்ட இருமல் இருந்தால் சொல்லுங்கள். சிகரெட் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே உஷார் நிலையில் இருக்கும் ரத்தக் குழாய்களுக்கு அது கூடுதல் அடி. நடுவில் சில மாதங்கள் மருந்தை விட்டிருந்தாலும் வெட்கப்படாமல் திரும்பிப் போங்கள். மையத்தின் கதவு திறந்துதான் இருக்கு.

எஸ்.சி.டி-14 நாளைக்கே ஒரு சாதாரண லேப் டெஸ்ட்டாக மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனா, இத்தனை வருஷ ரத்த ஆய்வுகள் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்ட சேதிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் டெஸ்ட், ரிசல்ட் வந்த அன்றே மருந்து, அப்புறம் ஒரு நாளும் தடைபடாத மாத்திரை. இந்த மூன்றும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும்.